வழக்கு வேலியும் சோளகக் காற்றும்

போன கிழமை நிமலன் தொலைபேசியில் பிடித்தான். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது அவனே ஒரு தீயணைப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கிறான். "அண்ணை, ரீவியைப் போடுங்கோ, கெதியாப் போடுங்கோ!" என்றான். போட்டேன். எங்கோ ஒரு பணக்கார நாட்டில் காட்டில் பிடித்த நெருப்பு மலையிறங்கி நகரத்துக்குள் புகுந்து வீதி வீதியாக வீடுகளைத் தின்றுகொண்டிருந்தது. அது பாதித் திரையில். மற்றப் பாதியில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட நாலு பேர் சண்டை பிடித்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை, முன்கூட்டி எச்சரித்தது யார், அதைக் கேளாதது யார், அரசாங்கம் ஏன் ஆயத்தமாக இருக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்தினார்கள்.

"நீங்கள் எண்டால் என்ன செய்திருப்பியள், அண்ணை?" என்று நிமலன் கேட்டான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது, எழும்பி நின்றுவிட்டேன். "டேய், உந்தச் சண்டையை நாங்கள் வலிகாமத்திலை முப்பது வருசத்துக்கு முந்தியே பிடிச்சு முடிச்சிட்டம்!" என்றேன். அவனுக்குச் சொல்லத் தொடங்கியது தொலைபேசியில் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தின் வடகரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் வள்ளத்தில் ஏறினால் எனக்கு வாந்தி. "கடல் தண்ணி ஒத்துவராதவன் கிணத்துத் தண்ணியிலை பிழைக்கப் போறான்" என்று நான் தீயணைப்பில் சேர்ந்தபோது ஊரில் பகிடி பண்ணினார்கள். எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் கொழும்பில் பயிற்சி. ஏணி ஏறினோம், கயிற்றில் இறங்கினோம், தெருவில் குழாய் பிடித்தோம், புகை அறைக்குள் மூச்சடக்கினோம், அவ்வளவுதான். ஊர் திரும்பி அதிக நாள் ஆகவில்லை, ஆடிக் கலவரம் வந்தது. நான் குழாய் பிடித்துப் பழகிய அதே தெருக்களில் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள் எரிந்தன. நெருப்பணைக்கப் படித்துவிட்டு வந்தவன் அந்தச் செய்தியை வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வராது.

பிறகு வலிகாமத்தில் ஒரு சிறு பட்டினத்துச் சபையில் வேலை கிடைத்தது. எங்களுக்கு ஒரு வண்டி, ஒரு ஏணி, பொறுப்பதிகாரியாக ஞானமுத்து ஐயா. ஐயாவைப் பற்றி எழுதத் தொடங்கினாலே எனக்குச் சிரிப்பு வரும். மெலிந்த மனிதர், குரல் எழும்பாது. நெருப்புக்குப் போனாலும் வேலி வாசலில், படலையடியில் நின்று தொப்பியைக் கழற்றி, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். ஒரு தடவை இணுவிலில் ஒரு வீட்டு அடுப்படிக் கூரை எரிகிறது. ஐயா வழக்கம் போலக் கேட்க, உள்ளே இருந்து அந்த வீட்டுக்கார அம்மா, "கொஞ்சம் பொறுங்கோ, முற்றம் கூட்டேல்லை" என்றாவே! நாங்கள் குழாயோடு நின்று சிரித்த சிரிப்பில் தண்ணீர் கூரையை விட்டு அவவின் தலையில் பாய்ந்தது.

ஆனால் அந்த மனிதருக்கு நெருப்பைத் தெரியும். சம்பவ இடத்தில் இறங்கியதும் சுவாலையைப் பார்க்கமாட்டார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மெல்ல விடுவார். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "கிணறு எங்கை?" மூன்றாவதாக, "காத்துப் போற பக்கம் ஆற்றை வளவு?" யாருடைய காணி என்பதும் அவருக்குத் தெரியவேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கட்டளை வரும். எனக்கோ கொதிக்கும். நான் ஓடிப் போய் அடிக்கிற சாதி, அவர் நின்று கேட்கிற சாதி. அவர் என்னோடு ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. "சிவராசா, நெருப்புக்குப் பின்னாலை ஓடினால் சாம்பல்தான் கிடைக்கும். சுத்திப் போம்" என்பார். மகன் வயதுள்ள என்னையும் நீர், உம் என்று மரியாதையாகத்தான் கதைப்பார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலைத் தரும்.

தொண்ணூறில் யுத்தம் மறுபடி தொடங்க, எங்கள் கரையோர ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். ஊர் முழுவதும் ஒரே பகலில் எழும்பி நடந்தது. நானும் மனைவி தேவியும் கைக்குழந்தையும் சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவில் கட்டியிருந்த ஓலைக் கிடுகுக் கொட்டில் ஒன்றில் வந்து குடியேறினோம். எங்களைப் போல அங்கே நிறையக் குடும்பங்கள். ஒரு கொட்டிலின் கூரை அடுத்த கொட்டிலின் கூரையில் உரசும். தேவி அங்கே அடுப்பை மூட்டும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு வாளி தண்ணீரோடு பக்கத்தில் நிற்பேன்.

அந்தக் காலத்தில் பொருளாதாரத் தடை. டீசல் வராது. எங்கள் வண்டி கொட்டகைக்குள் தவம் இருந்தது. அதற்காக நெருப்பு எங்களுக்காகக் காத்திருக்குமோ? ஐயா சைக்கிளில் போவோம் என்றார். அவரோடு நான், குலம், யோகன், ஆக நாலு பேர். பின்கரியரில் வாளியும் சாக்கும். தோளில் ஆட்டுக்குக் குழை வெட்டுகிற கொக்கத்தடி. நீட்டுத் தடியின் நுனியில் கொக்கிபோலக் கத்தி கட்டியது, எரிகிற கூரையை இழுத்து விழுத்த அதைவிட நல்ல ஆயுதம் கொழும்பிலும் இல்லை. மணியை அடித்துக்கொண்டு நாங்கள் பறக்கும்போது சந்தியில் நிற்பவர்கள், "உவை நெருப்பணைக்கப் போகினமோ, குழை வெட்டப் போகினமோ?" என்று கேட்பார்கள். "ரெண்டுக்கும்தான்!" என்று குலம் திருப்பிக் கத்துவான். குண்டு விழுந்து எரிந்த இடங்களுக்கும் போனோம். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இது நாங்களே வளர்த்துவைத்திருந்த நெருப்பைப் பற்றியது.

வெளியூர்க்காரருக்கு எங்கள் வேலியைப் பற்றிச் சொல்லவேண்டும். பூவரசு, கிளுவைத் தடிகளை நெருக்கமாக நட்டால் அவை வேர்விட்டுப் பச்சையாக நிற்கும். அதுதான் கதியால். அதன்மேல் பின்னிய தென்னோலைக் கிடுகை ஆள் உயரத்துக்கும் மேலே கட்டி அடைப்போம். கதியால் பச்சை மரம், கிடுகு காய்ந்த சருகு. ஒரு வளவின் வேலி அடுத்ததில் முட்டும், அது அதற்கடுத்ததில். ஒடுங்கிய தெருவான ஒழுங்கையின் ஒரு முனையில் பிடித்தால் எந்தப் படலையையும் தட்டாமல் நெருப்பு மறுமுனைக்குப் போய்விடும். அதிலும் வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுக் கிளம்பிவிட்டால் நெருப்பு நடக்காது, ஓடும்.

தொண்ணூற்றொன்றில் அப்படி ஓடியது. ஒரு ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுக்கப் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் கட்டையில் கட்டி நின்ற மாடுகள் போய்விட்டன. அடுத்த கிழமை வாசிகசாலையில் கூட்டம். இருக்க இடமில்லை, சனம் யன்னலில் தொங்கியது. செல்லத்துரை மாஸ்ரர் எழும்பினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வெண்கலக் குரல்.

"சபை என்ன செய்தது? வண்டி எங்கை? தண்ணிப் பவுசர் எங்கை? வருமுன் காக்கவேணும் எண்டு நாங்கள் பிள்ளையளுக்குப் படிப்பிச்சம். சபைக்கு ஆர் படிப்பிக்கிறது?"

கைதட்டலில் ஓடு பறந்துவிடும் போல இருந்தது. ஐயா தொப்பியைக் கையில் பிடித்தபடி எழும்பினார். பவுசர் லொறி வந்தால் நல்லது, வரும்வரைக்கும் ஒரு காரியம் எங்கள் கையில் இருக்கிறது என்றார். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இடையிடையே ஒரு துண்டு வேலியைக் கிடுகு கட்டாமல் வெறும் கதியாலாக விட்டால் போதும், நெருப்பு அங்கே நின்றுவிடும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அருமையான யோசனை! பிறகு ஒருவர் மெல்லக் கேட்டார்: "அப்ப ஆற்றை வளவிலை விடுறது?"

முடிந்தது கதை. பக்கத்து வளவில் விடலாம் என்று எல்லாரும் சம்மதித்தார்கள், தன் வளவில் விட ஒருவரும் இல்லை. "கிணத்தடியிலை பொம்பிளையள் குளிக்கிறதை ஊர் பாக்கிறதோ?" என்று பின்வரிசையில் பெண்கள் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. மாஸ்ரர் மறுபடி எழும்பி, "அடைக்காமல் விட்டால் பக்கத்து வளவுக்காரர் ராவோடை ராவாக் கதியாலைத் தள்ளி நட்டுவிடுவினம், அது தெரியுமோ?" என்று சொல்லிப் பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே இருந்த பரமேசக்கா, அவருடைய பக்கத்து வளவுக்காரி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினா. "ஆர் தள்ளி நட்டது எண்டு கோட்டுக்குத் தெரியும்!"

கடைசியில் அரசாங்கத்திடம் பவுசர் கேட்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ரோச் பற்றரிக்கே தடை போட்டிருந்த அரசாங்கத்திடம்!

மாஸ்ரருக்கும் பரமேசக்காவுக்கும் இடையில் ஒரு சாண் அகல நிலத்துக்கு வழக்கு. யுத்தத்தில் அந்தக் கோட்டு, அதாவது நீதிமன்றம், பூட்டிக் கிடந்தது. வழக்கு முடியும்வரை உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும் என்ற ஓடர், அந்தக் கட்டளை மட்டும் இரண்டு வீட்டிலும் பத்திரமாக இருந்தது. ஆகவே இருவரும் என்ன செய்தார்கள்? வருடா வருடம் இவர் தன் பக்கத்தில் புதுக்கிடுகு கட்டுவார், அவ தன் பக்கத்தில் கட்டுவா. பழையதை ஒருவரும் கழற்றமாட்டார்கள். கழற்றினால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடுமாம்! அந்த வேலி வீங்கி வீங்கி மெத்தைபோல ஆகிவிட்டது. அதை முதன்முதலில் பார்த்தபோது அதன் வழியே கடைசிவரை நடந்து பார்த்தேன். ஒழுங்கையிலிருந்து இரண்டு வளவுக்கும் நடுவால் ஓடி, பின்னால் பள்ளிக்கூட வேலியில் போய் முட்டுகிறது. முட்டுகிற இடத்துக்கு அருகே எங்கள் கொட்டில். விளக்குத் திரிபோல அது என் பிள்ளையின் ஏணைத் தொட்டில்வரைக்கும் நீண்டு கிடந்தது.

தொண்ணூற்றிரண்டு வைகாசி, மத்தியானம் திரும்பிய நேரம். வாசிகசாலையில் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ விடாமல் அடித்தார்கள். மாஸ்ரர் வீட்டு ஒழுங்கையின் தலைப்பு முனையில், புகையிலைக்குப் புகை போடும் குடில் ஒன்று பற்றிவிட்டது. நாங்கள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வேலி சடசடவென்று வெடித்துக்கொண்டு வந்தது. ஐயா மண்ணை அள்ளி விட்டார். அது நேரே பள்ளிக்கூடத்தை நோக்கிப் பறந்தது.

"சுத்திப் போங்கோ!" அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பின்பக்கத்தால் சைக்கிளை மிதித்தோம். பள்ளிக்கூட வளவோடு முட்டும் வேலிகளை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். ஐயா ஒவ்வொரு வளவிலும் கேட்டார், கேட்க முன்னமே சனம் "வெட்டுங்கோ ஐயா, கேளாதையுங்கோ!" என்று கத்தியது. கொக்கத்தடியால் இழுத்து இழுத்து விழுத்தினோம். உடம்பெல்லாம் வியர்வை, சந்தோசமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால். நாலு சைக்கிள்காரர் ஒரு நெருப்பை முந்திவிட்டோம்! கடைசியாக வழக்கு வேலி. நெருப்பு ஒழுங்கை வேலியால் மாஸ்ரரின் படலைக்குக் கிட்ட வந்துவிட்டது.

மாஸ்ரர் வேலிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் அவருடைய சொந்தக்காரர், கையில் தடி.

"இதிலை கை வைக்கேலாது. கோட்டு ஓடர் இருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரமேசக்காவின் குரல் வந்தது: "நான் முதல் கழட்டமாட்டன்! கழட்டினால், விட்டுக்குடுத்திட்டாள் எண்டு அந்த மனிசன் நாளைக்குக் கோட்டிலை சொல்லும்!"

நான் வேலியை வெட்டக் கொக்கத்தடியை ஓங்கிவிட்டேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"பொறும்."

"ஐயா, என்ரை பிள்ளை அங்கை!"

"தெரியும். நீர் வெட்டினால் உவை நெருப்பை விட்டிட்டு உம்மைப் பிடிப்பினம். பொறும்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சாம்பல் அவர் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. "மாஸ்ரர், எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. எல்லை எது? கிடுகோ, கதியாலோ?"

வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் அவர் எரியும் வீட்டுக்குள் நின்றும் விடை சொல்லுவார். "கதியால்தான். இதென்ன கேள்வி?"

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. எல்லை எது?"

"கதியால்!"

அந்த வழக்குத் தொடங்கிய பிறகு இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விசயம் அதுவாகத்தான் இருக்கும். ஐயா விடவில்லை. "அப்ப கதியால் ஒண்டையும் நாங்கள் தொடமாட்டம். மாஸ்ரர் தன்ரை கிடுகைத் தான் கழட்டட்டும், அக்கா தன்ரை கிடுகை. முந்தினது பிந்தினது இல்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை கழட்டினவை எண்டு எந்தக் கோட்டிலும் ஏறி நான் சத்தியம் பண்ணுறன். மூண்டு சொல்லுவன், கேட்டுதோ? ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

ஒருவரும் அசையவில்லை! மாஸ்ரர் கிடுகில் கையை வைத்தபடி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்கிறார், அந்தப் பக்கம் கிழிபடும் சத்தம் கேட்கட்டும் என்று. அந்தப் பக்கமும் அதே அமைதி. ஒழுங்கைப் பக்க முனையில் வழக்கு வேலி குப்பென்று பற்றியது.

ஐயா என்னையும், அக்காவின் வளவுக்குள் நின்ற யோகனையும் சாட்சியாக நிற்கச் சொன்னார். கை வைத்ததைக் கண்டதும் சொல்லவேண்டும். மறுபடி எண்ணினார். மூண்டு என்றதும் நான் தொண்டை கிழிய, "மாஸ்ரர் கழட்டிறார்!" என்று கத்தினேன். அதே கணம் யோகன் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா கழட்டிறா!" என்றான். இரண்டும் பச்சைப் பொய். ஆனால் இரண்டு பொய்யையும் கேட்டு இரண்டு பேரும் இழுத்தார்கள், சத்தியமாக ஒரே நேரத்தில்!

பிறகு பார்க்கவேண்டுமே! இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் பாய்ந்தார்கள். ஒரு படை கழற்ற அடியில் இன்னொரு படை, அதற்கடியில் இன்னொன்று. தேளும் எலியும் நாலு திசையிலும் ஓடின. "என்ரை கிடுகை விடும்!" "உம்மடையை ஆர் தொட்டது?" என்ற சண்டையும் கூடவே நடந்தது. நானும் குலமும் கழற்றியதைக் கொக்கத்தடியால் இழுத்து இழுத்துக் கிணற்றடிச் சேற்றுக்குள் எறிந்தோம். பள்ளிக்கூட முனையிலிருந்து ஒரு தென்னை நீளத்துக்கு வெறும் கதியால் நின்றது. நெருப்பு இரைந்துகொண்டு வந்தது. முதல் கதியாலைப் பிடித்தது. பச்சை இலை சுருண்டது, பட்டை சீறியது. அடுத்ததற்கு எட்டிப் பார்த்தது. எட்டவில்லை!

பொறி மட்டும் பறந்தது. பள்ளிக்கூட வளவுக்குள் எங்கள் கரையோரச் சனம் வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கூரைகளை நனைத்துக்கொண்டு நின்றது. ஒரு கொட்டில் புகைந்தது. குலம் கொக்கத்தடியைப் போட்டு ஒரே இழுவையில் கூரையை நிலத்துக்குக் கொண்டுவந்தான். மாஸ்ரரின் மாட்டுக்கொட்டில் போயிற்று, மாடுகள் தப்பின. ஒரு மனிதருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சோளகத்துக்கு முன் நாங்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் இடைவெளி கேட்டோம். முதலில் தந்தவர்கள் மாஸ்ரரும் பரமேசக்காவும். ஒரே நாளில், ஒரே நேரத்தில், வேறு எப்படி! வழக்கை விட்டார்களோ என்று கேளாதீர்கள், அது அப்படியே இருந்தது. இதை வைத்து அரசாங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாகவும் நினைக்காதீர்கள். வண்டி தரவேண்டியதும் டீசல் விடவேண்டியதும் அவர்கள்தான். அன்றைக்கு ஒரு பவுசர் நின்றிருந்தால் அந்த மாட்டுக்கொட்டிலும் தப்பியிருக்கும். அதை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் அந்தப் பின்னேரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நெருப்பு நின்றதும் நான் எங்கள் கொட்டிலுக்கு ஓடினேன். தேவி பிள்ளையை நனைந்த சேலையால் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"பக்கத்து வளவுக்குள்ளை உங்கடை குரல் கேட்டது. இவ்வளவு நேரம் அங்கை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"வேலி கழட்டக் கேட்டுக்கொண்டு நிண்டனாங்கள்."

"ஆரிட்டை?"

"வளவுக்காரரிட்டை."

தேவி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "எங்கடை வீட்டை விட்டு எங்களை எழுப்பேக்கை ஒருத்தரும் எங்களிட்டைக் கேக்கேல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் நேரே கிணற்றடிக்குப் போனேன். ஐயா முகம் கழுவிக்கொண்டிருந்தார். தேவி சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன், அவரைக் குத்தவேண்டும் என்றுதான் சொன்னேன். ஐயா வாளியை மெல்லக் கிணற்றுக்கட்டில் வைத்தார். கொட்டில்களின் பக்கம் திரும்பினார்.

"ஓம் தம்பி," என்றார். "அதாலைதான் நான் கேட்டனான்."